சலவைச் சீட்டில் ஐந்து சொற்கள்

இஸ்திரிக் கடை அம்மா தினமும் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு பாடகனின் படத்தோடு வரும் செய்தியைப் பார்த்து, சலவைச் சீட்டின் பின்புறம் ஐந்து சொற்களை எழுதிக்கொண்டு மாடி வீட்டு டீச்சரிடம் வருவாள். அர்த்தம் கேட்கும்போது, இஸ்திரிப்பெட்டியின் ஆவிக்குள்ளேயே இன்னும் மிதப்பவள் போலக் கண்கள் பாதி மூடியிருக்கும்.

"பேண்டுன்னா என்ன டீச்சர்?"

"பாட்டுக் குழு."

"டூர்?"

"ஊர் ஊராப் போய்ப் பாடறது."

"அப்போ வேளாவேளைக்குச் சாப்பிட முடியாதே!"

டீச்சர் சிரித்துவிட்டாள். "எப்பப் பாரு அந்தப் பாடகன் நியூஸ்தானா? இந்த வயசுல இப்படி ஒரு ரசிகையா!"

அம்மா வெட்கப்பட்டாள். "ஃபேமஸ்?"

"பேரும் புகழும் இருக்கறது."

அம்மாவின் முகம் மலர்ந்தது. அதே மயக்கத்தில் அடுத்ததைக் கேட்டாள்.

"பிரேக்கப்?"

"பிரிஞ்சு போறது. குழு கலைஞ்சிருக்கும்."

"கடைசியா... லோன்லி?"

"துணைக்கு ஆளில்லாமத் தனியாத் தவிக்கறது."

சீட்டின் மேல் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்து மை கலைந்தது.

"ஐயோ, யாரோ ஒரு பாடகனுக்காக அழுவாங்களா?"

"நேத்துகூட ஃபோன்ல 'நான் நல்லா இருக்கேம்மா'ன்னுதானே சொன்னான், டீச்சர்!"