ஒத்திகை வெள்ளம்

மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இறங்கி வருகிறது. அதில் தையற்காரம்மா இருக்கிறார். கால்கள் செயலிழந்து இரண்டு வருடம்; அன்றிலிருந்து தெருவில் இறங்கியதே இல்லை. போன வெள்ளத்தில் படகு வந்ததும் எல்லோரும் இறங்கிவிட, அவர் மட்டும் மூன்று நாள் மேலேயே கிடந்தார். அதற்காகத்தான் இன்றைய ஒத்திகை. முதலில் நாற்காலியில் அரிசி மூட்டையைத்தான் கட்டினார்கள். “மூட்டைக்கு பயம் தெரியுமா? என்னையே தூக்குங்கப்பா” என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார். இடுப்பைச் சுற்றியிருக்கும் பட்டையும் அவரே இரட்டைத் தையல் போட்டதுதான். இருட்டுப் படிக்கட்டில் நாற்காலி சுவரை உரசுகிறது. கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப் ஊசலாடுகிறது. முன்னால் பிடித்திருக்கும் பிளம்பருக்கு மூச்சு வாங்குகிறது. “மச்சான், உங்க பக்கம் சாயுது!” பின்பக்கத்தைப் பிடித்து வரும் அவருடைய மச்சான் பல்லைக் கடிக்கிறார். “பத்திரமா இறக்கினா ஆளுக்கொரு சட்டை. கீழ போட்டீங்க, பட்டன்கூட கிடையாது” என்கிறார் அம்மா. கைப்பிடியை இறுக்கிய விரல்கள் மட்டும் வெளுத்திருக்கின்றன. வாசலைத் தாண்டியதும் வெயில் அவர் மடியில் விழுகிறது. கீழே காத்திருந்த பள்ளி ஆசிரியர் விசில் ஊதிக் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். “நாலே நிமிஷம்! ஒத்திகை முடிஞ்சுது, அம்மாவ மேல கொண்டு போங்க.” தையற்காரம்மா தெருவின் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்க்கிறார். வெறும் பாதங்களின் மேல் மண் லேசாகப் படிகிறது. “அதுக்குள்ள வெள்ளம் வடிஞ்சிருச்சா, வாத்தியாரே?” ஆசிரியர் விசிலைச் சட்டைப் பைக்குள் போடுகிறார். “எங்கேம்மா வடிஞ்சுது... இன்னும் முழங்கால் அளவு நிக்குதே.” பிளம்பர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துகொள்கிறார்.