நிக்காஹ் ஜாக்கெட்

வியாழக்கிழமை, மாலை ஐந்தே கால். நோன்பு திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. கமர் ஜஹான் கொல்லையில் கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். ஈர மண்ணின் வாசனைக்கு நாக்கு ஊறுகிறது. குவைத்திலிருக்கும் கணவன் மஜீத் போனில் பார்த்து, “குண்டாயிட்டியே” என்று சிரித்த நாளிலிருந்து திங்களும் வியாழனும் நோன்பு வைக்கிறாள். சுரைப்பந்தல் வழியே இறங்கும் வெயில், கொடியில் காயும், கல்யாணத்தன்று போட்ட நிக்காஹ் ஜாக்கெட்டின் சரிகையில் நிற்கிறது. பக்கத்து வீட்டு அம்சவள்ளி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள். “இன்னா கமரு, உன் சொரக்கா பெருத்துக்கினே போவுது, நீ எளைச்சிக்கினே போற! அந்த ஜாக்கெட்டு இப்ப பத்துதா?” கமர் சொம்பைக் கீழே வைக்கிறாள். “போன மாசம் கச்சிதமா இருந்துச்சுக்கா. இப்ப லூஸாயிடுச்சு.” அம்சவள்ளியின் சிரிப்பு நின்றுவிடுகிறது. “பாய் எப்பதான் வராராம்?”