தும்பிக்கைக்கு இன்ஷூரன்ஸ்

“எங்கேம்மா உடைஞ்சிருக்கு?”

தபால் நிலையக் கவுண்டரில் இருந்த அம்மாள் பீங்கான் யானையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

“தும்பிக்கை மேடம். இன்ஷூர் பண்ணி அனுப்பின பார்சல், போறப்போ ஒடிஞ்சிடுச்சு. ஆன்லைன்ல வாங்கினவர் திருப்பி அனுப்பிட்டார். நானும் பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டேன்” என்றபடி அவள் எட்டிப் பார்த்தாள்.

தும்பிக்கை முழுசாக இருந்தது. போதாததற்குப் பளபளவென்று மின்னியது.

“உடைஞ்ச பொருளைக் காட்டினாத்தான் இன்ஷூரன்ஸ். நல்லா இருக்கிற யானையைக் காட்டிக் காசு கேக்கறியே, படிச்ச பொண்ணுதானே நீ?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவளுக்குக் காது சூடானது.

படித்தவள்தான். வீட்டிலேயே முதல் பட்டதாரி. கல்லூரியில் பரிசாக வாங்கிய யானையை விற்றதே அடுத்த வாரம் இன்டர்வியூவுக்குப் போய்வரும் செலவுக்குத்தான்.

“திரும்பி வந்தப்போ ஒடிஞ்சுதான் மேடம் இருந்துச்சு. வீட்ல கேக்கறேன்.”

“ஸ்பீக்கர்ல போட்டுக் கேளு. நானும் கேக்கணும்.”

போனை எடுத்தது அம்மா.

“யானையா? அப்பா பட்டறைக்கு எடுத்துட்டுப் போனார். ஒட்டி, பட்டி பாத்து, பெயின்ட் அடிச்சுக் கொண்டுவந்து வச்சிருக்கார். நல்லா வந்திருக்குல்ல?”

அப்பாவுக்கு டிங்கரிங் வேலை. நசுங்கி வரும் கார் கதவையே நசுங்கின சுவடு தெரியாமல் அனுப்புகிறவர். யானை எம்மாத்திரம்?

“அப்பாகிட்டக் குடும்மா... எதுக்குப்பா ஒட்டினீங்க?”

“நீதானே ஆபீஸ்ல கொண்டுபோய்க் காட்டணும்னு சொன்னே. ஒடிஞ்சதைக் கொண்டுபோய் நீட்டினா உன்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?”

“ஒடிஞ்சிருந்தாத்தாம்ப்பா காசு.”

“அதெப்படி? ஒடிஞ்சதுக்கே குடுக்கறவங்க சரிபண்ணதுக்குக் கூட்டியில்ல குடுக்கணும்?”

பின்னால் நின்ற பெரியவர் அவள் காதருகே குனிந்தார். “கை தவறின மாதிரி கீழ விட்டுடும்மா. சோலி முடிஞ்சுது.”

அவள் சட்டென்று யானையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“எங்கப்பா ஒட்டினது சார்.”

கவுண்டர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“ஒடிஞ்சப்போ எடுத்த போட்டோ இருக்கா?”

“இருக்கு மேடம்.”

“உங்கப்பா கேட்டதுல ஒரு நியாயம் இருக்கு. சரிபண்ண ஆன செலவைக் குடுக்க விதியில இடம் இருக்கு. கூலி எவ்வளவுன்னு அவர் சொன்னாப் போதும்.” போனைத் தன் பக்கம் இழுத்தார். “ஐயா, ஆபீஸ்ல இருந்து பேசறேன். யானைக்குக் கூலி எவ்வளவு?”

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து நின்றுவிட்டார் போல.

“கூலியா? என் பொண்ணோட யானைக்கு நான் கூலி வாங்குவேனா மேடம்? ஒண்ணும் கிடையாது.”

“அப்பா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்கப்பா.”

“சும்மா இரும்மா. ஆபீஸ்ல பொய் சொல்லக் கூடாது. மேடம், அங்க எது உடைஞ்சு கிடந்தாலும் பொண்ணுகிட்டக் குடுத்து அனுப்புங்க. சும்மாவே பண்ணித் தர்றேன்.”

வரிசையே சிரித்தது. அவளுக்கு மட்டும் அழுகை முட்டியது. காப்பீடும் போயிற்று, இன்டர்வியூவும் போயிற்று.

கவுண்டர் அம்மாள் சிரிக்கவில்லை. “சரிங்கய்யா” என்று போனை வைத்தார். செலவு எதுவும் இல்லை என்று எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிக் குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து கழுத்து ஒடிந்த ஃபேன் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

“இது ஆபீஸ் ஃபேன் இல்ல, என்னோடது. சும்மா பண்ணித் தந்தா வாங்க மாட்டேன்னு அப்பாகிட்டச் சொல்லு.”

“கூலி எவ்வளவுன்னு கேட்டுச் சொல்றேன் மேடம்.”

“அவரைக் கேக்காதே. நீயே சொல்லு” என்று தன் கைப்பையைத் திறந்தார். “தும்பிக்கைக்கும் சேர்த்துச் சொல்லு.”