பட்டதைச் சொன்ன துடைப்பம்

பனித்தரையில் கல்லைச் சறுக்கிவிட்டு, வட்டத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்துகிற ஆட்டம் அது. ஆண்களுக்கான உலக சாம்பியன்ஷிப்பின் இறுதிப் போட்டி. எதிரணியின் மஞ்சள் கல் ஏற்கெனவே வட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது.

கடைசிக் கல்லாகச் சிவப்புக் கல் புறப்பட்டது. அதற்கு முன்னால் பனியைத் தேய்த்துத் தேய்த்து வழி செய்தபடி சிவப்பு அணியின் துடைப்பம் ஓடியது. மஞ்சளைத் தாண்டி, சரியாக நடுவில் போய் நின்றது சிவப்பு. அரங்கமே அதிர்ந்தது.

"வட்டத்துக்கிட்ட வரும்போது உன்மேல லேசாப் பட்டுட்டேன்" என்றது துடைப்பம், எல்லோருக்கும் கேட்கும்படி.

துடைப்பம் பட்ட கல்லை எடுக்கச் சொல்ல எதிரணிக்கு உரிமை உண்டு. பட்டதைப் பட்டவரே சொல்லிவிடுவதுதான் அந்த ஆட்டத்தின் வழக்கம்.

"யாராவது பார்த்தாங்களா?" என்று சீறியது சிவப்பு.

"இல்லை."

"அப்புறம் எதுக்கு வாயைத் திறந்தே? மஞ்சள் உனக்கு என்ன தர்றேன்னு சொல்லியிருக்கு?"

"ஒண்ணுமில்லை. பட்டுச்சு, சொன்னேன்."

சிவப்பை எடுத்து ஓரமாக வைத்தார்கள். கோப்பை மஞ்சள் அணிக்குப் போனது. துடைப்பம் வாழ்த்துச் சொல்லப் போனது.

"அங்கேயே நில்லு" என்றது மஞ்சள். "கைக்கு வந்த கோப்பையை எவனாவது சும்மா விடுவானா? இதுல என்ன உள்குத்து வச்சிருக்கே?"

துடைப்பம் வந்த வழியே திரும்பிவிட்டது.

ஆட்டம் முடிந்து இரண்டு கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அதுவரை ஒன்றையொன்று முறைத்தே பழகியவை அவை.

"அந்தத் துடைப்பத்தை மட்டும் நம்பிடாதே" என்றது சிவப்பு.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றது மஞ்சள், இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து.