உயிலில் ஏறிய வேன்

"என் வேனை நம்ம சபை வாலிபர் ஊழியத்துக்கு உயில் எழுதி வச்சிட்டேன். எனக்கப்புறம் அது அவங்களுக்குத்தான்!"

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டிரைவர் அங்கிள் மைக்கைப் பிடித்து இப்படி அறிவிக்க, சபையே கைதட்டியது. பாஸ்டர் கட்டிப்பிடித்தார். அங்கிளுக்குக் கால் தரையில் பாவவில்லை. 'எனக்கப்புறம்' என்பதை மட்டும் இன்னொரு தடவை அழுத்திச் சொல்லிவிட்டு இறங்கினார். விவரமான ஆள்.

காலமெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய சொந்த வேன் அது. இப்போது உறை போட்டுக்கொண்டு ஷெட்டில் தூங்குகிறது. பேரனைக்கூட உள்ளே உட்கார விடமாட்டார். சீட்டு அழுக்காகிவிடுமாம்.

மறுநாளே காலிங்பெல் அடித்தது. வாலிபர் குழுத் தலைவியும், கூடவே கிட்டார்க்காரனும்.

"உடம்பெல்லாம் எப்படி இருக்கு அங்கிள்?" என்றாள் தலைவி.

அங்கிளுக்குச் சுருக்கென்றது. அதுக்குள்ள மூக்கு வேர்த்துடுச்சா!

"உடம்புக்கென்ன? கல்லு மாதிரி இருக்கு."

"அந்த முதுகுவலி?"

"போயே போச்சு."

"கண்ணு நல்லாத் தெரியுதா அங்கிள்?" என்றான் கிட்டார்க்காரன்.

"உன் மனசுல இருக்கறதே தெரியுது!"

"சர்க்கரை?"

"டீயில மட்டும்தான்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அங்கிளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சனிக்கிழமை கேம்ப் போறோம் அங்கிள். அதான்..."

"அதான் வேன் வேணுமா? உயில்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? நான் கண்ணை மூடணும். இன்னும் மூடலை! போயிட்டு வாங்க!"

"இல்ல அங்கிள், நாங்க..."

கதவு சாத்தப்பட்டது.

"பாத்தியா இதுங்களை? நான் எப்ப போவேன்னு பாக்க வந்திருக்குதுங்க!" என்று மனைவியிடம் பொருமினார்.

அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "செத்தப்புறம் அதை நீங்க ஓட்டவா போறீங்க? யாருக்காவது விட்டுட்டுத்தானே போகணும்? அதுக்கா அவ்வளவு கைதட்டு வாங்கினீங்க?"

அங்கிள் ஆணியில் தொங்கிய வேன் சாவியைப் பார்த்தார்.

சாவியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். 'பெரிய கொடைவள்ளல்! கூட எடுத்துட்டுப் போக முடியாததைக் கொடுக்கறதுக்கு உனக்கு மைக் ஒரு கேடா?' என்று தன்னையே திட்டிக்கொண்டு வேகமாக நடந்தார்.

தெருமுனையில் பிடித்துவிட்டார்.

"இந்தாங்க சாவி. சனிக்கிழமை எடுத்துட்டுப் போங்க. உரசாம ஓட்டணும்... சரி, உரசினாலும் பரவாயில்லை." என்று சாவியை நீட்டினார்.

தலைவி சாவியை வாங்கவில்லை.

"கேம்ப்புக்கு வேன் வாடகைக்குப் பேசியாச்சு அங்கிள். ஓட்டத்தான் ஆள் வேணும். மலைப்பாதை வேற. டிரைவர் அங்கிள் ஓட்டினாத்தான் பிள்ளைங்களை அனுப்புவோம்னு எல்லா வீட்லயும் சொல்லிட்டாங்க. உங்க உடம்புக்கு முடியுமான்னுதான் விசாரிக்க வந்தோம்."

அங்கிள் அசடு வழிந்தார். "அப்ப என் வேன்?"

"அது என்னைக்கு இருந்தாலும் எங்களுக்கு வந்துடும் அங்கிள். நீங்க இப்ப வந்தாத்தானே உண்டு?"