குளிர்ந்த நெற்றி

கம்ப்யூட்டரின் மூளையைக் குளிரவைக்கும் ஞானம் கோடியில் ஒருவருக்கே வாய்க்கும். கிள்ளானில் அந்த ஒருவர் தாம்தான் என்று சோலையப்பன் முடிவுசெய்திருந்தார். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

“பழைய ஃபேன் சின்னது ரமணி, அதான் சூடேறி நின்னுடுது. கடையிலயே பெரிசு இதுதான். நானே மாட்டுறேன்” என்றார் ஆபீஸ் கிளார்க்கிடம்.

“டெக்னீஷியன் பாலனைக் கூப்பிடலாமே முதலாளி? பன்னிரண்டு மணிக்குள்ள டெண்டர் அச்சாகி ஷா ஆலம் ஆபீசுக்குப் போய்ச் சேரணும்.”

“இதுக்குப் போய் பாலன் எதுக்குலா?”

புது ஃபேனைச் சாமி படத்தின் முன் வைத்தார். சூட்டை இழுக்கத் தடவுவதற்கென்று ஃபேனோடு வந்த வெள்ளைப் பேஸ்ட்டை, விபூதி குழைத்திருந்த கிண்ணத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கிண்ணத்தில் பிதுக்கினார். கண்ணை மூடிக் கும்பிட்டு, நெற்றி நிறையப் பட்டை போட்டார். பிறகு கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரில் பேஸ்ட்டைத் தடவி, ஃபேனை அழுத்தி மாட்டினார். அது கிர்ரென்று சுற்றியது.

“பாத்தியா! இனிமே ஐஸ்பெட்டிதான்.”

பத்தாவது நிமிடம் திரை கறுத்தது.

ரமணி போன் போட, பாலன் ஓடிவந்து ஃபேனைக் கழற்றினான். வெள்ளைப் பொடி உதிர்ந்தது. எடுத்து முகர்ந்தான்.

“பாஸ், இது விபூதி.”

“அப்போ பேஸ்ட்?”

பாலன் மற்ற கிண்ணத்தில் மிச்சமிருந்ததை வழித்துப் பிராசசரில் தடவினான். பதினோரு மணிக்கு டெண்டர் அச்சாகி வந்தது. சோலையப்பன்தான் கையெழுத்துப் போட்டு நேரில் கொடுக்கவேண்டும்.

நான்கு முறை சோப்புப் போட்டும் நெற்றிப் பட்டை போகவில்லை.