உறுதிமொழி காத்தவள்

மார்சி சொல்லும் அந்தக் கதையை வாரன் ஒருநாளும் முழுசாக நம்பியதில்லை. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

அந்த ஞாயிறு மத்தியானம் மகள் டெஸ்ஸி ஜெர்மனியிலிருந்து கூப்பிட்டாள். ஒஹையோவில் அவர்கள் வீட்டுச் சமையலறையில், மார்சி போனைச் சர்க்கரை டப்பாமீது சாய்த்து வைத்துவிட்டு உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே பேசினாள்.

டெஸ்ஸி கல்லூரி மாணவி. கோடை விடுமுறையில் ஆறு வாரம் ஜெர்மன் படிக்கப் போயிருக்கிறாள். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் மார்சி போன அதே ஊர், அதே பள்ளி. போய் இறங்கியதும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும்: ஆறு வாரமும் ஜெர்மன் தவிர வேறு மொழியில் வாய் திறக்க மாட்டேன். மீறினால் மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வாரம் ஒருமுறை பெற்றோரிடம் பேச மட்டும் இப்போது விலக்கு உண்டு. அந்தக் காலத்தில் அதுவும் கிடையாது.

"அம்மா, என் ரூம்மேட் யோலி இருக்கால்ல? தினமும் பாத்ரூமப் பூட்டிக்கிட்டு, குழாயத் திறந்து விட்டுட்டு, தம்பிகிட்ட இங்கிலீஷ்ல பேசுறா."

"தண்ணி பில்லு யாரு கட்றது?" என்றான் வாரன், காப்பியை ஆற்றியபடி.

"விளையாடாதீங்கப்பா! அவ உதவித்தொகையில வந்தவ. தெரிஞ்சா அனுப்பிருவாங்க, படிப்பே போயிரும். ஆனா, தெரிஞ்சும் மறைச்சா அதுவும் தப்புன்னு நேத்து எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. நான் என்னம்மா செய்யட்டும்?"

மார்சி கத்தியைக் கீழே வைத்தாள்.

"லீலண்ட் கதை உனக்குச் சொல்லியிருக்கேனா?"

"ஆரம்பிச்சாச்சு" என்றான் வாரன்.

"நீ சும்மா இரு. நீ ஐரோப்பாவ மேப்லதான் பார்த்திருக்க."

உண்மைதான். மார்சி ஜெர்மன் படிக்கப் போன கோடையில் வாரன் ஒரு டயர் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

"லீலண்ட், மேற்கு வர்ஜீனியாவுல சுரங்க ஊர்ப் பையன். எங்க கூட்டத்துலயே கெட்டிக்காரன். போன முதல் வாரமே, மாடிப்படிக்குக் கீழ இருந்த காசு போன்ல இங்கிலீஷ்ல பேசுறான். நான் படியில நின்னு எல்லாத்தையும் கேட்டேன்."

"யார்கிட்ட பேசுனான்?"

"அவங்க அம்மாகிட்ட. சுரங்கத்துல அவங்கப்பாவுக்கு அடிபட்டிருச்சு. ஒரு கால எடுக்கணுமாம். 'நான் வந்துரட்டுமா'ங்கறான். அந்தம்மா வராதேன்னு சொல்லிருக்கும் போல. 'சரி, படிச்சு முடிச்சுட்டே வர்றேன்'னு சொல்லிட்டு அழறான்."

"ஐயோ..."

"ஐயோதான். எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா கையெழுத்துன்னு ஒண்ணு போட்டிருக்கோமே! நேரே பள்ளி இயக்குநர் கெர்லாக் அம்மாகிட்ட போனேன். அப்பாவோட கால், அவன் அழுதது, அம்மா சொன்னது, ஒண்ணு விடாம சொன்னேன். அவங்களும் பொறுமையா உக்காந்து கேட்டாங்க. நடுவுல நடுவுல கேள்வி வேற. மறுநாளே அவன அனுப்பிட்டாங்க. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்னுட்டாங்க."

"அப்புறம் அவன் என்ன ஆனான்?"

"காலேஜுக்குத் திரும்பல. சுரங்கத்துக்கே போயிட்டான்னு யாரோ சொன்னாங்க."

இந்த இடம் வந்ததும் மார்சியின் பார்வை தானாகக் கூடத்துச் சுவருக்குப் போகும். அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ் தொங்குகிறது. 'ஆறு வாரமும் உறுதிமொழி காத்தவர்.' அந்த வருஷம் அது அவள் ஒருத்திக்குத்தான் கிடைத்தது.

தினமும் அதைத் தாண்டித்தான் வாரன் வேலைக்குப் போகிறான். தினமும் ஏதோ ஒன்று அவனை உறுத்தும். கூலிக்காரக் குடும்பத்துப் பிள்ளை அவன். லீலண்டும் தன்னைப் போன்றவன் என்பதால்தான் மனசு அடித்துக்கொள்கிறதோ? இல்லை, தனக்கு இப்படியொரு சான்றிதழ் இல்லையே என்ற பொறாமையோ? மார்சி சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே?



"சரிம்மா" என்றாள் டெஸ்ஸி போனில். குரல் உள்ளே போயிருந்தது. "நாளைக்குப் போய்ச் சொல்லிடறேன்."

"அதான் என் பொண்ணு! கஷ்டமாத்தான் இருக்கும். பின்னால நினைச்சுப் பார்த்தா நிம்மதியா இருக்கும்."

மார்சி மறுபடி கத்தியைக் கையில் எடுத்தாள். "அத விடு. உன் ஜெர்மன் எப்படிப் போகுது?"

"கேவலமாப் போகுது. வந்து ரெண்டு வாரம் ஆச்சு, வாயத் திறந்தா கடைக்காரன் சிரிக்கிறான்."

மார்சியும் சிரித்துவிட்டாள். "அதுக்கெல்லாம் கவலைப்படாதடி. எனக்கு முதல் மாசம் பூரா வணக்கம், நன்றி ரெண்டத் தவிர ஒரு வார்த்தை வரல. ரொட்டி வாங்கப் போனாகூட விரலத்தான் நீட்டுவேன். ஊமைன்னு நினைச்சுக்கிட்டு அந்தக் கடைக்காரி எனக்கு ஒரு பன் சும்மாவே குடுத்தா, தெரியுமா!"

வாரன் காப்பியைக் குடிக்கவில்லை. கோப்பையை மேஜையில் வைத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு, போனில் மகளுக்குத் தன் முகமும் தெரிகிற மாதிரி உட்கார்ந்தான்.

"மார்சி" என்றான். "அந்த முதல் வாரத்துல, கெர்லாக் அம்மாகிட்ட இவ்வளவையும் நீ எந்த மொழியில சொன்ன?"